மணலில் விழக் கற்றவன்

மணலில் விழுந்தால் வலிக்காது. 13 வருஷக் கோல்கீப்பர் பிழைப்பில் எனக்கு வந்த நல்லதும் கெட்டதும் இந்த ஒன்றிலிருந்துதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று கடலோரமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஊர்களில் ஒன்று. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் கேரளா. ஆண்கள் ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். கரையில் இருக்கும் நாளெல்லாம் பந்துகளி, அதாவது கால்பந்துதான். கிரிக்கெட் மட்டை எங்கள் பக்கம் ரொம்ப நாள் நுழையவே இல்லை.

கடப்புறத்தில், அதாவது கடற்கரை மணலில், இரண்டு துடுப்பை நட்டால் அதுதான் போஸ்ட். கிராஸ் பார் கிடையாது. கோலியின், அதாவது கோல்கீப்பரின், கை எட்டுகிற உயரம்தான் உயரம். அதைச் சொல்லிச் சண்டை வராத நாள் இல்லை. எட்டு வயதில் என்னை கோலில் நிறுத்தினார்கள். திறமையைப் பார்த்து இல்லை. அண்ணன்மார் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பொடியன், ஆனால் வயதுக்கு மீறிய உயரம். “லே, நீ அங்ஙன நில்லு” என்றார்கள். நின்றேன்.

மணலில் பாய்வது சுகம். பந்து வலது போஸ்டுக்குப் போனாலும் இடது போஸ்டுக்குப் போனாலும் பாய்வேன். நேராக நெஞ்சுக்கு வருகிற பந்தைக்கூட ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு, பாய்ந்து பிடிப்பேன். படகு இழுக்கிற ஆள்கள் நின்று பார்ப்பார்கள், கைதட்டுவார்கள். பாய்கிறவன்தான் கோலி என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையைக் கழற்றிப் போட எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இடுப்பும் தோளும் போய்விட்டன.

ஊரில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு மாமா இருந்தார். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். எங்களுக்கு முறையாகப் பயிற்சி என்று ஏதாவது கிடைத்தது என்றால் அவரிடம்தான். அவர் வாயில் பீட்டர் தங்கராஜ் பெயர் வராத நாள் இருக்காது. 1955-லும் 1958-லும் டியூராண்ட் கோப்பையை வென்ற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியின் கோல்கீப்பர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர். “அந்த மனுசன் ஆறடிக்கு மேல. ஆனா பாய்ஞ்சு நான் அதிகம் கேள்விப்பட்டதில்ல மக்கா. பந்து அவர்ட்ட வந்து சேரும்” என்பார் மாமா. அவரும் நேரில் பார்த்தவர் இல்லை. ரெஜிமெண்டில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டதுதான். உயரம் இருக்கிறவனுக்குப் பாய வேண்டியதில்லைதானே என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது அது இல்லை.

1995-ல் நாகர்கோவிலில் ஒரு தேர்வு ஆட்டம். எனக்கு 18 வயது. முதல் பாதியில் மூன்று நல்ல பந்துகளைத் தடுத்துவிட்டேன். இரண்டாம் பாதி தொடங்கியதும் எங்கள் ஸ்டாப்பர், அதாவது நடுவில் நின்று தடுக்கிறவன், நெருக்கடியில் பந்தைக் காலால் என்னிடம் தட்டிவிட்டான். கடப்புறத்தில் செய்கிற மாதிரியே குனிந்து கையில் எடுத்தேன். விசில். எதற்கு என்று புரியாமல் நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கிறேன். கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்குள்ளேயே இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகும் உதை. கோலுக்கு ஏழெட்டு மீட்டர் தூரத்தில் பந்தை வைத்துத் தட்டி அடித்தார்கள். கோல்.

சொந்த அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தருகிற பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-லேயே வந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்தும் எங்கள் கடப்புறத்துக்கு அது வந்து சேரவில்லை. என்னை எடுக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அந்த விதி தெரிந்திருக்கவில்லை என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு வருஷமும் கோல்கீப்பர் பற்றி என்ன மாறியிருக்கிறது என்று தேடிப் படித்துவிடுவேன். 2019-ல், பெனால்டி அடிக்கும் நேரத்தில் ஒரு கால் கோட்டின் மேல் இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். கோல் கிக்கை பாக்ஸுக்குள்ளேயே சொந்த அணிக்காரன் வாங்கலாம் என்றார்கள். 2025-ல் எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று வந்துவிட்டது. பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃபார்வர்டுக்கு விதி தெரியாவிட்டால் ஒரு ஆஃப்சைடோடு போகும். கோலிக்குத் தெரியாவிட்டால் ஸ்கோர் போர்டில் ஏறும்.

அந்தத் தேர்வு ஆட்டத்துக்குப் பிறகு மூன்று சீசன் கேரளாவில் மலப்புரம் பக்கம் செவன்ஸ் ஆடினேன், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. அறுவடை முடிந்த வயலில் கவுங்கு (பாக்கு) மரத்தடிகளைக் கட்டி கேலரி போட்டிருப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ஆட்டம். கூட்டம் கோட்டுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும். ஆட்டத்துக்கு 500, நல்ல அணி என்றால் 700 ரூபாய், கையில் உடனே. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் செவன்ஸை அங்கீகரிக்கவில்லை என்பதால் பதிவுசெய்த ஆட்டக்காரர்கள் பயந்து பயந்து ஆடுவார்கள். நான் எங்கேயும் பதிவாகாதவன், எனக்கென்ன பயம்? அங்கேயும் என் பாய்ச்சலுக்குத்தான் கூட்டம் விசிலடித்தது. ஜெயித்த ராத்திரிகளில் யாராவது வந்து சட்டைப் பையில் நூறு ரூபாயைச் சொருகிவிட்டுப் போவார்கள். அங்கே என்னைப் பார்த்த ஒருவர் மூலமாகத்தான் 1998-ல் சென்னையில் ஒரு அலுவலக அணியில் ஸ்டைபெண்டரி ஆட்டக்காரனாகச் சேர்ந்தேன். வேலை இல்லை, மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை, ஆடி நிரூபித்தால் பிறகு வேலை. அதற்கு அப்போது அதுதான் பெயர்.

சென்னை மைதானத்தில் முதல் நாள் பயிற்சியிலேயே வலது பக்கம் ஒன்று பாய்ந்தேன். எழுந்தபோது இடுப்பெலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. ஏப்ரல் மாதம். களிமண் காய்ந்து வெடித்து, விளிம்பு ஓடு மாதிரி நிற்கிறது. மறுநாளும் அதே பக்கம் பாய்ந்தேன். ராத்திரி தூங்கினால் போர்வை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். காலையில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இரண்டு மாதம் இப்படி. மெஸ்ஸில் கூட இருந்தவன் பார்த்துவிட்டுப் பெரியமேட்டில் ஒரு தையற்காரரிடம் கூட்டிப்போனான். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் இறுக்கமான டிராயர் ஒன்றை வாங்கி, இரண்டு இடுப்பிலும் அரை அங்குல ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுத்தார். 60 ரூபாய். என் வாழ்க்கையில் அதைவிட உருப்படியான செலவு ஒன்றை நான் செய்ததில்லை. இப்போது அது கடையிலேயே கிடைக்கிறது. வாங்கித் தராமல் பிள்ளையைக் கெட்டித் தரையில் பாயவிடும் பயிற்சியாளரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

டிராயர் தோலைத்தான் காப்பாற்றும். எலும்பைக் காப்பாற்ற, விழத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் அணியின் முதல் கோல்கீப்பர். வியாசர்பாடிக்காரர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், பேரைச் சொல்ல வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. “எதுக்குத் தம்பி தரையோட சண்டை போடுற?” என்றார். மணலில் நான் வயிறு கீழே போகிற மாதிரியும் முழங்கை முதலில் படுகிற மாதிரியும் விழுந்து பழகியிருந்தேன். மணல் எதையும் மன்னிக்கும். அவர் என்னை முட்டி போட வைத்து, பக்கவாட்டில் சரிய வைத்தார். தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, விலா, தோள் என்று வரிசையாகத் தரையில் பட வேண்டும். ஒரே இடத்தில் மொத்தக் கனமும் இறங்கக் கூடாது. நெஞ்சு எப்போதும் பந்தைப் பார்க்க வேண்டும். கையில் பந்து இருந்தால் முதலில் பந்தைத் தரையில் அமுக்கு, பந்து உன்னைத் தாங்கும். முட்டி போட்டு ஒரு மாதம், குந்தி உட்கார்ந்து ஒரு மாதம், அப்புறம்தான் நின்று. 21 வயதில் குழந்தை மாதிரி முட்டி போட்டு விழுந்து பழகுவது அவமானமாக இருந்தது. ஃபார்வர்டுகள் சிரித்தார்கள்.

அவரிடம் கற்ற இன்னொன்று கயிறு. ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் கொடிக்கயிறு ஒரு சுருள் கொண்டுவந்தார். இரண்டு போஸ்டிலும் ஒவ்வொரு முனையைக் கட்டி, இரண்டையும் இழுத்துவந்து பெனால்டி புள்ளியில் வைத்த பந்தடியில் ஒரு ஆணியில் முடிந்தார். இரண்டு போஸ்டும் பந்தும் சேர்ந்து ஒரு முக்கோணம்.

“கோட்டுல நில்லு. ரெண்டு பக்கமும் கயிறு எவ்ளோ தூரத்துல இருக்கு?”

போஸ்டுக்குப் போஸ்ட் 7.32 மீட்டர். பக்கத்துக்கு 3.66. “இப்ப மூணு பெரிய அடி முன்னாடி வா” என்றார். வந்தேன். கயிறுகள் என்னை நெருங்கியிருந்தன. பெனால்டி புள்ளி கோட்டிலிருந்து 11 மீட்டர். மூன்று மீட்டர் முன்னால் வந்தால் நான் காக்க வேண்டிய அகலம் பக்கத்துக்கு 2.66 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதாவது ஒரு பாய்ச்சலும் இல்லாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபம். பிறகு பந்தை பாக்ஸின் இடது மூலைக்கு நகர்த்தி, ஆணியை அங்கே அடித்தார். நான் வழக்கம்போல் கோலுக்கு நடுவில் போய் நின்றேன். கயிறு ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு போகிறது, இன்னொன்று எங்கேயோ தூரத்தில். இவ்வளவு நாளும் நான் கோலுக்குத்தான் நடுவில் நின்றிருக்கிறேன், பந்துக்கு இல்லை! பந்தைப் பார்த்தால் நான் நிற்க வேண்டிய இடம் ஒன்றரை பெரிய அடி தள்ளி. அந்த ஒன்றரை அடியை ஈடுகட்டத்தான் 13 வருஷமாகப் பாய்ந்துகொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

தெரிந்ததால் உடனே மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கால் பழக்கம் லேசில் போகாது. பந்து நகர நகர நாமும் ஒரு வில் மாதிரி போஸ்டுக்குப் போஸ்ட் நகர வேண்டும், உதை விழுகிற நொடியில் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். ரொம்ப முன்னால் போனால் தலைக்கு மேல் தூக்கிவிடுவான்; பாரின் உயரம் 2.44 மீட்டர்தான், ஆனால் பின்னால் ஓடும்போது அது மாடி உயரமாகத் தெரியும்.

அப்புறம் பேச்சு. கோலிக்கு மொத்த மைதானமும் கண்முன் தெரியும். டிஃபெண்டருக்கு முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆகவே நாம்தான் கத்த வேண்டும். நான் கத்தவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஊர்த் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். முதல் வாரமே “அங்ஙன போ, புறத்த ஆளுண்டு” என்று கத்தினேன். எங்கள் ஸ்டாப்பர் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். அந்த சீசனில் பயிற்சி ஆட்டங்களில் நான் வாங்கிய கோல்களில் பாதி, யாரும் கவனிக்காமல் தூரப் போஸ்டுக்கு ஓடிவந்த ஆள் போட்டது. மூத்தவர் ஒருநாள் சொன்னார்: “நீ என்ன பாஷையில வேணா கத்து. புரியலன்னாலும் திரும்பிப் பாப்பானுங்க இல்ல?” அதற்குப் பிறகு நாலே வார்த்தை வைத்துக்கொண்டேன். ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் பந்துக்கு, அதாவது கிராஸுக்கு, நான் வருகிறேன் என்றால் “கீப்பர்!” வரவில்லை என்றால் “அவே!” முதுகில் ஆள் இருந்தால் “மேன் ஆன்!” இல்லாவிட்டால் “டர்ன்!” வடசென்னையிலும் வள்ளவிளையிலும் இந்த நாலும் ஒரே தமிழ்தான். ஒன்று மட்டும்: “கீப்பர்!” என்று கத்திவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். கத்திவிட்டுப் பாதியில் நிற்பதைவிடக் கத்தாமலே இருக்கலாம்.

முதல் ஐந்து வருஷம் நான் இரண்டாம் கோல்கீப்பர். வெளியில் இருப்பவர்களுக்கு இது புரிவது கஷ்டம். மற்ற இடத்து சப்ஸ்டிட்யூட் ஆட்டத்துக்கு ஆட்டம் பத்து இருபது நிமிஷமாவது ஆடிவிடுவான். இரண்டாம் கோலி வருஷத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடினால் அதிகம். முதலாமவருக்கு வார்ம் அப்பில் பந்தடித்துக் கொடுப்பது, அவர் கிளவுஸ் பையைப் பார்த்துக்கொள்வது, உட்கார்வது. அவருக்கு அடிபடாதா என்று மனசு ஒரு ஓரத்தில் கேட்கும். அப்படிக் கேட்டதற்காக அடுத்த நிமிஷமே வெட்கமாக இருக்கும். இரண்டும் உண்மை.

2001-ல் ஒரு லீக் ஆட்டம். முப்பதாவது நிமிஷத்தில் அவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. என்னைக் கூப்பிட்டார்கள். அதுவரை நான் பெஞ்சில் சாய்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை. உள்ளே போய் மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிரணி வலது விங்கர் கோட்டோரமாக வந்தான். கிராஸ் போடப்போகிறான் என்று நானே முடிவுசெய்து அரை அடி முன்னால் சாய்ந்தேன். அவன் நியர் போஸ்டுக்கும், அதாவது அவன் பக்கத்துப் போஸ்டுக்கும், எனக்கும் நடுவில் இருந்த சந்தில் உருட்டிவிட்டான். பந்து வேகம்கூட இல்லை. காலை நீட்டினால் போதும். கால் நீளவில்லை, மரக்கட்டை மாதிரி இருந்தது. 1-0 தோற்றோம். அலுவலகத்தில் ஒரு வாரம் எனக்குக் கடலை என்று பெயர்.

அன்றிலிருந்து பெஞ்சில் இருக்கும் ஒவ்வொரு பதினைந்து நிமிஷத்துக்கும் எழுந்து கோட்டோரம் ஓடுவேன், நாலு பந்தைக் கையில் வாங்குவேன். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எதிரணி ஸ்ட்ரைக்கரின் ஊன்றுகாலைப் பார்ப்பேன். உதைக்கும் கால் ஏமாற்றும். ஊன்றுகால் பெரும்பாலும் ஏமாற்றாது, பாதம் எந்தப் பக்கம் திரும்பி ஊன்றுகிறதோ அந்தப் பக்கம்தான் பந்து. யார் யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று 40 பக்க நோட்டில் எழுதி வைத்தேன். பெனால்டிக்கு அது உதவியது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் 11 மீட்டரைக் கடக்கப் பந்துக்கு 0.4 நொடி. அதைப் பார்த்துப் பாய யாராலும் முடியாது. முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெனால்டியை வைத்துக் கோலியை எடை போடுகிறவர்களுக்கு ஆட்டம் தெரியாது. பெனால்டியை விட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். நியர் போஸ்டில் விட்டுப் பாருங்கள்.

கை பற்றிச் சொல்ல வேண்டும். என் இடது மோதிர விரல் இன்றைக்கும் முழுசாக நீளாது. 2002-ல் பயிற்சியில் பந்து விரல் நுனியில் மோதிப் பின்னால் மடங்கியது. நானே பிடித்து இழுத்து, பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டிக்கொண்டு ஆடினேன். வீக்கம் வடியவில்லை. ஊருக்குப் போனபோது வர்ம ஆசானிடம் காட்டினேன். எங்கள் பக்கத்தில் எலும்பு நழுவினால் ஆசான்தான். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நழுவினது இல்ல மக்களே, முறிஞ்சது. படம் எடுத்துட்டு வா” என்றார். ஆறு வாரம் தாமதம். எலும்பு கோணலாகக் கூடிவிட்டிருந்தது. இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுவது நல்ல முதலுதவிதான், ஆனால் எக்ஸ்ரே எடுக்கும் வரைக்கும்தான்.

கிளவுஸ் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனம் வேறு. வளைகுடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த முதல் நல்ல ஜோடியை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு துவைத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். ஒரே மாதத்தில் உள்ளங்கை லேடெக்ஸ் அப்பளம் மாதிரி உரிந்துவிட்டது. வெயில்தான் அதற்கு எமன். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிழியாமல், நிழலில் காய விட வேண்டும். ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையை லேசாக நனைத்துக்கொண்டால் பந்து ஒட்டும். பயிற்சிக்குப் பழைய ஜோடி, ஆட்டத்துக்குப் புது ஜோடி. விலை அதிகமானதை வாங்குவதற்குப் பதில் நடுத்தர விலையில் இரண்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

தலை அடியைப் பற்றி விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போடும்போது கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். எழவே இல்லை. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு ஒரு சீசன் முழுக்க நான் காலடிப் பந்துக்குத் தயங்கித்தான் வெளியே வந்தேன். எந்தக் கோலிக்கும் அந்த ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

2006 அக்டோபரில் இங்கிலாந்தின் செல்சி அணிக் கோல்கீப்பர் பீட்டர் செக்குக்கு மண்டையோடு உடைந்தது. மூன்று மாதம் கழித்துத் தலைக்கவசத்தோடு திரும்பி வந்தார். ஆடிய காலம் முழுக்க அதைக் கழற்றவே இல்லை. மறுவருஷம் எனக்கும் ஒரு கார்னரில் எதிரணி ஆளின் முழங்கால் காதுக்கு மேல் பட்டது. எழுந்துவிட்டேன், மீதி அரை மணி நேரமும் ஆடினேன். அந்த அரை மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஜெயித்தோமாம். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் வாந்தி எடுத்தேன். வெயில் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். அவர் என்னைத் திட்டிய திட்டு இப்போதும் காதில் இருக்கிறது. தலையில் அடிபட்டால் வெளியே வந்துவிட வேண்டும், பேச்சே இல்லை. இப்போது தலையில் அடிபட்டவருக்கென்று தனியாக ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் ஏற்பாடும் விதிகளில் வந்துவிட்டது. அது எல்லாப் போட்டியிலும் இருக்காது. இல்லாத இடத்தில் பயிற்சியாளருக்குத் தைரியம் இருக்க வேண்டும்.

2003-ல் மூத்தவர் ஓய்வுபெற, நான் முதலாம் கோலி ஆனேன். அடுத்த எட்டு வருஷமும் நான்தான். அதில் எனக்குப் பிடித்த ஆட்டம் எது என்று கேட்டால் கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். 2005-ல் ஒன்று, கோல் இல்லாமல் முடிந்தது. ஒரு பாய்ச்சல் இல்லை. 90 நிமிஷமும் கத்தினேன், நகர்ந்தேன், ஏழு கிராஸைக் கையில் எடுத்தேன். மறுநாள் பேப்பரில் என் பெயர் இல்லை. சாயந்திரம் வியாசர்பாடியிலிருந்து போன். “சட்டையில மண்ணே ஒட்டலயே தம்பி இன்னிக்கு” என்றார். கேலரியில் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது.

காசு விஷயத்தையும் மறைக்க வேண்டாம். ஆடிக்கொண்டிருக்கும்போதே வேலை நிரந்தரம் ஆனது, அது அதிர்ஷ்டம். ஆனால் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போவதுதான் என் உத்தியோகம் என்று இருந்துவிட்டேன். உடன் சேர்ந்தவர்கள் துறைத் தேர்வு எழுதி மேலே போனார்கள். 2011-ல் தோள் மூன்றாம் முறை நழுவி, 34 வயதில் நான் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல்கூட எடுக்கத் தெரியாது. என்னைவிடப் பத்து வயது இளைய பெண், “சார், இந்த என்ட்ரி இப்படிப் போடணும்” என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மைதானத்தில் முட்டி போட்டு விழப் பழகியது ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்தில் தேர்வு எழுதித் தேறினேன். ஆடும்போதே எழுதியிருக்கலாம், மதியத்துக்கு மேல் பயிற்சி கிடையாது, கேரம்தான் ஆடினோம். விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்திருக்கும் தம்பி யாராவது இதைப் படித்தால், அந்தக் கேரம் போர்டை எடுத்து உள்ளே வையுங்கள்.

பிறகு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பயிற்சியாளருக்கான டி லைசென்ஸும், கோல்கீப்பிங் முதல் நிலைச் சான்றிதழும் வாங்கினேன். கற்றுக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நான் செய்தவற்றில் பாதிக்குக் காரணம் தெரிந்தது.

இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நாங்கள் ஆடிய கடப்புறத்தின் பெரும்பகுதி இல்லை. கடல் அரித்துக்கொண்டே வர, பாறாங்கல்லைக் கொட்டிச் சுவர் போட்டிருக்கிறார்கள். மாமா நின்று கத்திய இடத்தில் அலை அடிக்கிறது. மிச்சமிருக்கும் கொஞ்சம் மணலில் வள்ளங்கள் ஏற்றிவைக்கவே இடம் போதாது. அதனால் கோயிலுக்குப் பின்னால் உள்ள செம்மண் தரைதான். இடுப்பு ஸ்பாஞ்ச் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கொடிக்கயிற்றுக்குப் பதில் கரைமடி வலையின் பழைய கயிறு கிடைத்தது. நீளமாகவும் இருக்கிறது, அறுவதும் இல்லை.

அதில் ஒரு பையன், பதினொரு வயது. எதற்கெடுத்தாலும் பாய்வான். பந்து கையில் வந்து விழுந்தாலும் ஒரு உருண்டு உருண்டுதான் எழுவான். கூட இருப்பவர்கள் விசிலடிப்பார்கள். போன டிசம்பரில் கயிற்றைக் கட்டி அவனை மூன்று நாள் அதற்குள்ளேயே நகர வைத்தேன். நாலாம் நாள் கயிறு இல்லாமல் ஒரு சின்ன ஆட்டம். பெரிய பையன் ஒருவன் வலது பக்கமிருந்து ஓங்கி அடித்தான். நம்மவன் பந்து புறப்படும் முன்பே இரண்டு சின்ன அடி நகர்ந்திருந்தான். பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது, அணைத்துக்கொண்டான்.

யாரும் விசிலடிக்கவில்லை. அடித்தவன் “சே, நேரா அடிச்சிட்டேன்” என்று தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பினான். பையன் பந்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். முகம் தொங்கிக் கிடந்தது.

“சார், இதுல பாயவே இல்லயே” என்றான்.

“எட்டு செகண்ட் ஆச்சு லே,” என்றேன், “பந்தை விடு.”